டாரட் கேள்வி: வீட்டில் எழுதி வருவதா, மேசையில் உருவாக்குவதா?

டாரட் சீட்டுகளை வைத்துப் பலன் கேட்க முதல்முறை வருபவரை முந்தின நாளே கேள்வியை எழுதி வரச் சொன்னால் அரை மணி நேர அமர்வில் நேரம் மிச்சமாகும். 10 சீட்டுகளை அடுக்கும் 'கெல்டிக் கிராஸ்' என்ற பெரிய விரிப்பைக்கூடப் போடலாம். ஆனால் பலரும் "வேலை கிடைக்குமா?" என்றே எழுதி வருவார்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்ல டாரட் கட்டின் 78 சீட்டும் உதவாது. "வேலை தேடுவதில் நான் எதைக் கவனிக்கவில்லை?" என்று அதை மாற்றியாக வேண்டும்.

கேள்வியை மேசையில் அவரோடு பேசி உருவாக்கினால் 10 நிமிடம் போகும். அதனால் மூன்று சீட்டோடு நிறுத்துங்கள். புதியவருக்கு இதுவே நல்லது. பேசப் பேசத்தான் உண்மையான கவலை வெளிவரும்.

எந்த வழியானாலும், சீட்டைக் கலைக்கும் முன் 13-ஆம் எண் 'மரணம்' சீட்டைக் காட்டிவிடுங்கள். அது பொதுவாக ஒரு கட்டத்தின் முடிவையே குறிக்கும். விரிப்பில் திடீரென வந்தால், பயந்தவர் காதில் பிறகு எதுவும் ஏறாது.