முன்மாதிரி கார்ட்ரிட்ஜ்: சிப்பை நம்புவதா, டம்பை நம்புவதா, விற்பவர் சொல்லும் கதையை நம்புவதா?

ஏலத் தளத்தில் ஒரே நாளில் பழைய வீடியோ கேம்களின் இரண்டு முன்மாதிரி (புரோட்டோடைப்) கார்ட்ரிட்ஜ்கள், அதாவது விளையாட்டு கடைக்கு வரும் முன் செய்த பிரதிகள், விற்பனைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் கையால் தேதி எழுதிய லேபிள், கூட்டைத் திறந்து போர்டை எல்லாப் பக்கமும் காட்டும் படங்கள். கண்ணாடிச் சன்னல் வைத்த ஈப்ரோம் (அழித்து எழுதக்கூடிய நினைவகம்) சிப்கள் அழகாகத் தெரிகின்றன. இரண்டாவது அழுக்கேறிய கூடு. லேபிள் இல்லை, மங்கலாக ஒரே ஒரு படம். ஏலம் ஏறுவது முதலாவதற்குத்தான். எனக்குச் சந்தேகம் வருவதும் அதன் மேல்தான். வாங்குபவர் எதையெல்லாம் தேடுவார் என்று போலி செய்பவருக்கும் தெரியுமே!

முதலில் சிப்பைப் பார்ப்போம். கடைக்கு வந்த கார்ட்ரிட்ஜ்களில் தொழிற்சாலையிலேயே தரவு பதிந்த மாஸ்க் ரோம் இருக்கும். சோதனைக்கும் பத்திரிகை விமர்சனத்துக்கும் போன பிரதிகளில் ஈப்ரோம். "ஈப்ரோம் இருக்கிறது, அதனால் அசல்" என்று முடிவு கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய ஈப்ரோம்கள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. எழுதும் கருவியும் அப்படித்தான்.

சிப்பின் மேல் நான்கு இலக்கத்தில் தேதி இருக்கும். 9312 என்றால் 1993ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். இந்தச் சாட்சி ஒரு பக்கம்தான் பேசும். 1992இல் முடிந்துபோன விளையாட்டின் 'ஆரம்பக் கட்டப் பிரதி'யில் 9412 என்ற சிப் இருந்தால் கதை முடிந்தது. 9140 என்று இருந்தால்? பொருந்துகிறது, அவ்வளவுதான். பழைய சிப்பில் நேற்று இரவுகூட எழுதியிருக்கலாம்.

இதைவிட எனக்குப் பிடித்த தடயம் ஒயர்கள். மாஸ்க் ரோமுக்கும் ஈப்ரோமுக்கும் கால்களின் வரிசை பல இடங்களில் ஒத்துப்போகாது. கடைக் கார்ட்ரிட்ஜ் போர்டில் ஈப்ரோமை ஏற்ற வேண்டுமானால் சில கால்களைத் தூக்கிவிட்டு ஒயர் இழுத்துச் சாலிடர் செய்ய வேண்டியிருக்கும். நிண்டெண்டோ போன்ற நிறுவனங்கள் ஈப்ரோமுக்கென்றே தனி போர்டு செய்தன. அதில் ஒயர் வேலை தேவையில்லை. ஆனால் அவசரத்துக்குக் கடை போர்டையே வெட்டி ஒட்டிய அசல் பிரதிகளும் உண்டு. ஆகவே ஒயர் இருந்தால் போலி என்று அடித்துச் சொல்ல முடியாது, கேள்வி கேட்க ஒரு காரணம் கிடைக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சிப்பின் எண்ணைப் படிக்கலாமே என்று சன்னல் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்கச் சொல்லாதீர்கள். புற ஊதாக் கதிர்தான் ஈப்ரோமை அழிக்கும் வழி. நேரடி வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே தரவு போய்விடலாம்.

அடுத்தது டம்ப், அதாவது சிப்பிலிருந்து படித்தெடுத்த கோப்பு. என் தராசில் இதற்கே எடை அதிகம். செகாவின் மெகா டிரைவ் கன்சோலுக்கான கார்ட்ரிட்ஜ் என்றால் தரவின் தொடக்கத்திலேயே உரிமையாளர் குறியீடும் ஆண்டும் மாதமும் எழுத்தாகவே இருக்கும். ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் மென்பொருள்) அதை மாற்ற இரண்டு நிமிடம் போதும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. நம்ப வேண்டியது உள்ளே இருப்பதை: வெளியான பதிப்பில் இல்லாத கட்டங்கள், பாதியில் நிற்கும் படங்கள், பிழைதிருத்த மெனு. இவற்றை ஒன்றுக்கொன்று முரணில்லாமல் புதிதாகப் புனைவது பெரிய உழைப்பு. பயோ ஃபோர்ஸ் ஏப் என்ற வெளிவராத விளையாட்டைத் தன்னிடம் வைத்திருப்பதாக 2005இல் ஒருவர் ஜோடித்த படங்களைக் காட்டி ஊரையே ஏமாற்றினார். 2010இல் ஜப்பானிய ஏலத்தில் அசல் கார்ட்ரிட்ஜ் வந்து, அதைப் படித்தெடுத்த பிறகுதான் அந்த விளையாட்டு உண்மையில் எப்படி இருந்தது என்று தெரிந்தது. படம் காட்டுவது எளிது, ஓடுகிற நிரலைக் காட்டுவது அப்படியல்ல.

ஆனால் டம்ப் நிரூபிப்பது நிரலைத்தான், கையில் இருக்கும் பொருளை அல்ல. பலரும் சறுக்கும் இடம் இதுதான். 'மதர்' விளையாட்டின் ஆங்கிலப் பதிப்பு 1998இல் ஒரு முன்மாதிரி கார்ட்ரிட்ஜாக வெளிப்பட்டபோது, யாரோ ரசிகர்கள் செய்த போலி என்ற பேச்சு எழுந்தது. மொழிபெயர்ப்பில் வேலை செய்தவரே பிறகு உறுதிப்படுத்தினார். 2015இல் நிண்டெண்டோ அதை முறையாக வெளியிட்டது. நிரல் அசல், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கோப்பு இணையத்தில் கிடைக்க ஆரம்பித்த நாள்முதல் யார் வேண்டுமானாலும் அதை ஒரு சிப்பில் எழுதலாம். ஸ்டார் ஃபாக்ஸ் 2 கதையும் இதுவே: நிறுத்திவைத்த விளையாட்டு அதிகாரப்பூர்வமாக வந்தது 2017இல். கசிந்த கோப்பை வைத்துச் செய்த கார்ட்ரிட்ஜ்கள் அதற்கு வெகுகாலம் முன்பே சந்தையில் உலவின. ஆகவே, "டம்ப் எடுத்துப் பார்த்தோம், ஏற்கெனவே வெளியில் இருக்கும் முன்மாதிரியோடு அட்சரம் பிசகாமல் ஒத்துப்போகிறது" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அதை நான் கெட்ட செய்தியாகவே எடுத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்ட கார்ட்ரிட்ஜைக் காப்பாற்றக்கூடியது கைமாறிய வரலாறு ஒன்றுதான். சோனியும் நிண்டெண்டோவும் சேர்ந்து செய்யத் தொடங்கிய பிளேஸ்டேஷன் முன்மாதிரி 2020 ஏலத்தில் 3,60,000 டாலருக்குப் போனது. அது கன்சோல்தான், ஆனால் பாடம் ஒன்றே. சோனியின் முன்னாள் உயரதிகாரி ஒருவர் பின்னாளில் வேலை பார்த்த நிறுவனம் திவாலாகி, அதன் பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது வேறொருவர் வாங்கிய பெட்டியில் அது இருந்தது. சரிபார்க்கக்கூடிய வரலாறு என்றால் இப்படி இருக்க வேண்டும். "என் மாமா அந்தக் கம்பெனியில் இருந்தார்" என்பது வரலாறு ஆகாது. எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு, விளையாட்டின் இறுதித் திரையில் அவர் பெயர் வருகிறதா என்று கேட்டால் பாதிப் பேர் பதில் போடுவதையே நிறுத்திவிடுவார்கள்.

பொருளைப் பரிசோதித்து, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து நிறுவனங்கள் தரும் தரச்சான்று பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியை உடைக்காமல் டம்ப் எடுக்க முடியாது. அதாவது நல்ல சாட்சியைப் பூட்டி வைத்துவிட்டு, அந்தப் பூட்டுக்குக் காசு கேட்கிறார்கள். சான்றும் தவறலாம்: 1996ஐச் சேர்ந்தவை என்று சான்று பெற்ற போகிமான் முன்மாதிரி அட்டைகள் சிலவற்றில், பிரிண்டர் தானாகவே பதிக்கும் மஞ்சள் புள்ளிகள் அச்சிட்ட ஆண்டு 2024 என்று காட்டியதை அட்டை சேகரிப்பவர்கள் 2025இல் கண்டுபிடித்தார்கள்.

சரி, நம் இரண்டு கார்ட்ரிட்ஜ்களுக்கு வருவோம். முதலாவதன் கோப்பு ஏற்கெனவே இணையத்தில் இருப்பதோடு ஒத்துப்போய், வரலாறும் இல்லையென்றால், அழகான நகல் ஒன்றுக்கு என்ன விலையோ அதற்கு மேல் தர மாட்டேன். அழுக்குக் கூட்டுக்குள் எங்கும் இல்லாத நிரல் இருந்தால், லேபிள் இல்லாவிட்டாலும் அதற்குத்தான் என் பணம். எதுவானாலும் ஏலம் கேட்கும் முன் விற்பவரிடம் ஹேஷ் எண்ணை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணைக் கேளுங்கள். "கோப்பைக் கொடுத்தால் கசிந்துவிடும்" என்ற சாக்கு இதில் செல்லாது. அந்த எண்ணிலிருந்து விளையாட்டை யாராலும் மீட்டெடுக்க முடியாது. ஏற்கெனவே வெளியில் இருக்கும் கோப்பின் எண்ணோடு பொருந்தாவிட்டால் உடனே துள்ளவும் வேண்டாம். ஒரே ஒரு பைட்டை மாற்றினாலும் எண் மாறிவிடும். எத்தனை பைட் வேறுபடுகிறது, எந்தெந்த இடத்தில் என்று அடுத்துக் கேளுங்கள்.