கிணற்றுத் தவளையா, குண்டுச்சட்டிக் குதிரையா?

இரண்டையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி எழுதுகிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

கிணற்றுத் தவளைக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதே தெரியாது, சொன்னாலும் நம்பாது. வடமொழியில் கூபமண்டூகம். 1893 செப்டம்பரில் சிகாகோ சர்வசமயப் பேரவையில் விவேகானந்தர் சொன்னதும் இந்தக் கதைதான். கடல் தவளை ஒன்று கிணற்றில் விழுகிறது. உள்ளூர்த் தவளை ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குத் தாவிக் காட்டி, "உன் கடல் இவ்வளவு இருக்குமா?" என்கிறது. அதைவிடப் பெரியது என்றதும், பொய்யன் என்று துரத்தப் பார்க்கிறது.

குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுவது வேறு. குதிரை இருக்கிறது, ஓட்டவும் தெரியும், இடம்தான் சட்டியளவு. எங்கள் தெருத் தையல்காரர் அப்படித்தான். ஆரி வேலையில் அத்தனை நேர்த்தி, ஆனால் நாலு தெருவைத் தாண்டி ஆர்டர் எடுக்க மாட்டார். அவரைப் போய்த் தவளை என்றால் எனக்குக் கோபம் வரும்.