பழைய எம்எக்ஸ்-5 காருக்கு பாலியூரித்தேன் புஷ் செட்

1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பின்பக்க சஸ்பென்ஷனுக்கு வாங்கிய பாலியூரித்தேன் (ரப்பரைவிட விறைப்பான செயற்கைப் பொருள்) புஷ் செட்டை, அதாவது சஸ்பென்ஷன் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் உருளை வடிவத் துண்டுகளை, இரண்டு வார இறுதிகளில் வீட்டிலேயே பொருத்தி முடித்தேன். ரப்பர் புஷ்கள் வெடித்துத் தளர்ந்திருந்ததால் வளைவுகளில் பின்பக்கம் தானாகவே விலகுவது போலிருந்த உணர்வு இப்போது அடியோடு மறைந்துவிட்டது.

புஷ்களின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. அவற்றின் நடுவே செருகும் எஃகுக் குழல்கள் கட்டைவிரல் அழுத்தத்திலேயே வழுக்கி உள்ளே சென்றன. ஆனால் உடன் வந்த சிலிக்கான் கிரீஸ் பாதி வேலைக்குக்கூடப் போதவில்லை. கிரீஸ் குறைந்தால் பாலியூரித்தேன் கீச்சிடும் என்பதால், தயாரிப்பாளர் இதில் சிக்கனம் பார்த்திருக்கக் கூடாது.

உண்மையான போராட்டம் பழையவற்றைக் கழற்றுவதில்தான். சக்கரத்தைக் காரின் சட்டத்தோடு இணைக்கும் கீழ் ஆர்மின் உள்முனையில், சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் கேம் போல்ட் துருவேறிக் குழலோடு ஒட்டிப்போயிருந்தது. முதல்நாள் இரவே துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட்டு, மறுநாள் முன்னும் பின்னுமாகப் பொறுமையாகத் திருப்பித்தான் அதை அசைக்க முடிந்தது. கழற்றுமுன் அதன் நிலையை வெள்ளைப் பெயின்ட்டால் குறித்துவைத்தது, வீல் அலைன்மென்ட் செய்யும் இடம்வரை காரை நேராக ஓட்டிச்செல்ல உதவியது. ரப்பர் புஷ் என்றால், கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் போல்ட்டை இறுதியாக இறுக்க வேண்டும், இல்லையேல் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். இந்த புஷ்கள் குழலைச் சுற்றித் தடையின்றிச் சுழல்வதால் அந்தத் தொல்லை இல்லை.

சிறு பள்ளங்களின் அதிர்வு இருக்கையில் சற்றே கூடுதலாகத் தெரிகிறது. நாள்தோறும் சொகுசாகச் செல்ல விரும்புவோர் புதிய ரப்பர் புஷ்களையே வாங்கலாம். ஓட்டும் சுகத்துக்காகவே இந்தக் காரை வைத்திருப்போருக்கு இந்த செட்டை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.