கன்னடம் படிக்க ஆங்கி செயலி

பெங்களூரு அல்சூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். இங்கே தமிழிலேயே காலம் தள்ளிவிடலாம். ஆனாலும் கன்னடம் பேசுகிறவர்களிடம் அளவும் கழுத்து டிசைனும் அவர்கள் மொழியிலேயே கேட்டு எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அதற்குக் கைகொடுத்தது ஆங்கி (Anki) என்ற, அட்டைகளை வைத்துப் படிக்கும் செயலி.

ஒவ்வோர் அட்டைக்கும் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில், அவ்வளவுதான். கஷ்டமா, சுலபமா என்று நாம் தட்டுவதைப் பொறுத்து அந்த அட்டை சீக்கிரமோ தாமதமாகவோ திரும்ப வரும். மறதியை அளந்து பார்த்து ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் எழுதினார். இடைவெளி விட்டுப் படிக்கும் முறைக்கு வேர் அங்கேதான்.

அட்டைகளை நாமே செய்வதுதான் நல்லது. தமிழில் ஒரே 'க'. கன்னடத்தில் அந்த வரிசையில் நான்கு எழுத்து. ச, ட, த, ப எல்லாம் அப்படித்தான். கண்ணால் படித்தால் பிடிபடாது, காதில் விழ வேண்டும். பக்கத்துப் பூக்கடை அக்காவை நிதானமாகச் சொல்லச் சொல்லி, போனில் பதிவுசெய்து அட்டையில் சேர்த்தேன். சிவாஜிநகர் பஸ் போர்டைப் படம் எடுத்தும் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். எழுத்து அப்படித்தான் பழகியது.

ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு. அப்புறம் ஒன்று: இது ஞாபகத்துக்கு மட்டும்தான். பேச்சு வர வேண்டுமென்றால் ஆளோடுதான் பேச வேண்டும். காலையில் பத்து நிமிஷம் அட்டை பாருங்கள், அன்றைக்கே கடைக்காரரிடம் அதே சொற்களைப் பேசிப் பாருங்கள்.