உள்ளூர் வக்கீலும் முதல் சந்திப்பும்: சில வருட அனுபவம்

ஒரு நில வழக்குக்காக வக்கீல் வைத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அந்த முதல் சந்திப்புக்கு உட்கார்ந்து தயார் செய்த காகிதங்கள் இன்றுவரை வேலை செய்கின்றன. பிராது, அதாவது வழக்கைத் தொடங்கும் மனு, எழுதியதும், பிறகு வந்த மனுக்கள் எல்லாமும் அவற்றை வைத்துத்தான். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அப்பா வழியில் வந்த காலி மனை. பக்கத்து மனைக்காரர் எழுப்பிய சுற்றுச்சுவர் எங்கள் எல்லைக்குள் வந்துவிட்டது. நாங்கள் குடியிருப்பது வேறு ஊர். "இங்கேயே பெரிய வக்கீலாகப் பார்த்துக்கொள்" என்றுதான் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஆனால் நிலம் எங்கே இருக்கிறதோ அங்குள்ள நீதிமன்றத்தில்தான் அந்த நிலத்துக்கான வழக்கைப் போட வேண்டும். இந்தியாவில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. வெளியூர் வக்கீலை வைத்தால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் பயணம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உள்ளூரில் ஒரு ஜூனியரைப் பிடித்து நிறுத்துவார். அப்படி நிற்கப்போகிறவரை நாமே பார்த்துத் தேர்ந்தெடுப்பது மேல் என்று முடிவு செய்தோம். அந்த நீதிமன்றத்தில் எந்த மனு எவ்வளவு நாள் இழுக்கும், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையரைக் கேட்டால் நடைமுறையில் என்ன நடக்கும் என்பதெல்லாம் அங்கேயே தினமும் புழங்குகிறவருக்குத்தான் தெரியும்.

உள்ளூர் வக்கீலிடம் ஒரு சிக்கலும் உண்டு. எதிர்த்தரப்பையும் அவருக்குத் தெரிந்திருக்கலாம். அதனால் போனில் பேசும்போதே, கதையை ஆரம்பிக்கும் முன், எதிர்த்தரப்பின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் முதலில் அழைத்தவர் பெயரைக் கேட்டதுமே, "அந்தக் குடும்பத்துக்கு நான் பத்திர வேலை பார்த்திருக்கிறேன், இதை எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை இருக்கிறது.

இன்னொருவர், பத்திரத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "கவலையே படாதீங்க, ஜெயிச்சிடலாம்" என்றார். அங்கிருந்து கிளம்பிவிட்டோம். மூன்றாவதாகப் பார்த்த பெண் வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி: "அவர்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது?" நம் கதையைக் கேட்பதற்கு முன்பே எதிராளி என்ன சொல்வான் என்று யோசிக்கிறவர். அவரிடமே வழக்கைக் கொடுத்தோம். அதற்கு முன் அவர் வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர்தானா என்று சரிபார்த்தோம். இந்தியாவில் நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கறிஞர் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் நடத்தும் வழக்குகள் வரும். நம் மாதிரி வழக்கை எடுப்பவரா என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்றுகூட இணையத்தில் பார்க்க முடிகிறது. நன்றாக வாதாடுவாரா என்பதை இவை எதுவும் சொல்லாது. அதை நேரில் பேசித்தான் அறிய வேண்டும்.

சரி, தயாரிப்புக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் அதிகம் பயன்பட்டது ஒரே ஒரு பக்கம். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் அன்று நடந்தது, அதற்கு என்ன ஆதாரம். கோபம், வருத்தம், "அவர்கள் எப்போதுமே அப்படித்தான்" என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. நினைவில் தேதி இல்லாத இடத்தில் "ஏறக்குறைய" என்று எழுதியிருந்தேன். அதை வக்கீல் ஒரு பென்சிலோடு படித்தார். சுவர் எழுந்த தேதியையும், நாங்கள் ஆட்சேபம் தெரிவித்த தேதியையும் வட்டமிட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்தார். "இந்த இடைவெளியில் யாராவது எழுத்தில் ஏதாவது கேட்டிருக்கிறீர்களா?" தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இருந்தது. "அந்த போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம்" என்று உடனே சொன்னார். இந்தியாவில் மின்னணு ஆதாரத்தைச் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு அது. வெறும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி மூலச் செய்தியை விட்டுவிடக் கூடாது.

தேதிகளுக்கு நான் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், நல்ல வழக்கையே காலக்கெடு கொன்றுவிடும். இந்தியாவின் 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, கொடுத்த கடனைத் திரும்பக் கேட்கப் பொதுவாக 3 வருடம். உரிமையின் பேரில் நிலத்தின் சுவாதீனத்தை, அதாவது நிலத்தைக் கைவசம் ஒப்படைக்க, கேட்க 12 வருடம். இங்கிலாந்தில் சாதாரண ஒப்பந்த வழக்குக்கு 6 வருடம். நம் மேல் யாராவது வழக்குப் போட்டிருந்தால் அவகாசம் இன்னும் குறைவு. இந்தியாவில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிர்வாதவுரை (எழுத்துமூலப் பதில்) தர வேண்டும். காரணம் சொல்லி, மொத்தம் 90 நாள் வரை நீட்டிக்கக் கேட்கலாம். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் பொதுவாக 21 நாள்தான். ஆகவே நோட்டீஸோ சம்மனோ வந்தால் உறையையும் பத்திரமாக வையுங்கள். எப்போது கையில் கிடைத்தது என்பதை அந்தத் தபால் முத்திரையை வைத்தே காட்ட வேண்டிவரலாம்.

ஆவணங்களில் மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நகலை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள். மூலத்தைக் கொடுக்க வேண்டிவந்தால் ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நமக்குப் பாதகமான உண்மையையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அப்பா ஒருமுறை பக்கத்து மனைக்காரரிடம் வாய்மொழியாக, "சும்மாதானே கிடக்கிறது, கல் மண் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தார். அதை மறைக்கத்தான் வீட்டில் சொன்னார்கள். நான் வக்கீலிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறவில்லை. "இதை முதல்முதலாக நான் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வாயால் கேட்டிருந்தால்தான் கஷ்டம்" என்றார். கல் மண் போட அனுமதித்தது வேறு, சுவர் கட்டுவது வேறு என்று பிராதிலேயே எழுதினார். வக்கீலிடம் ஆலோசனைக்காகச் சொல்வதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்பது பெரும்பாலான நாடுகளில் சட்டம். இனி ஒரு குற்றம் செய்ய உதவி கேட்பதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. துணைக்கு என்று ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அமெரிக்கா போன்ற இடங்களில் மூன்றாம் மனிதர் உடனிருந்தாலே அந்த ரகசியக் காப்பு போய்விடக்கூடும்.

கட்டணத்தைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. மொத்தமாகவா, கட்டம் கட்டமாகவா, மணிக்கணக்கிலா? நீதிமன்றக் கட்டணம், தட்டச்சு, ஆணையர் செலவு எல்லாம் அதில் அடக்கமா? மேல்முறையீடு போனால்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஜெயித்தால் இத்தனை பங்கு என்ற ஏற்பாட்டை வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்கின்றன. அமெரிக்காவில் விபத்து இழப்பீடு போன்ற வழக்குகளில் அது வழக்கம், குற்ற வழக்கில் கூடாது. உங்கள் நாட்டில் எது செல்லும் என்பதை அவரிடமே கேளுங்கள்.

அந்தச் சந்திப்பின் முடிவில் அவர் கேட்டார்: "உங்களுக்குச் சுவர் இடிய வேண்டுமா, நிலத்துக்கு விலை வேண்டுமா, எல்லை முடிவானால் போதுமா?" எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் இருந்தது. அம்மா, தம்பி எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரே பதிலாகச் சொல்லும்வரை அவர் நோட்டீஸ் அனுப்பவில்லை. இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

நாள் போகப் போகத் தெரிந்த குறைகளையும் சொல்ல வேண்டும். நீதிமன்ற நேரத்தில் அவர் போன் எடுக்க மாட்டார். பல நாள் ஜூனியர்தான் ஆஜராவார். குமாஸ்தாவின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் அடுத்த வாய்தா தேதி ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்தது. வழக்கு எண்ணைப் போட்டு இணையத்திலும் பார்த்துக்கொள்கிறேன். தாக்கலாகும் ஒவ்வொன்றிலும் ஒரு நகல் எங்களுக்கு வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டிருந்தோம். வழக்குக் கட்டு முழுவதும் வீட்டில் இருக்கிறது. வக்கீலை மாற்ற வேண்டிவந்தாலும் திண்டாட்டம் இல்லை. கட்டணப் பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்குக் கிடையாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது.

பணம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு: இந்தியாவில் 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அந்த வக்கீலைப் பார்க்கப் போகும்போதும் தேதி வாரியாக எழுதிய அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.