பழைய லேத் வாங்குகிறவர்களுக்கு: பித்தளையில் ஓட்டிக் காட்டினால் நம்பாதீர்கள்

கோவையில் செகண்ட்ஹேண்ட் மெஷின் விற்கும் ஒருவரிடம் நாலரை அடி லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்) ஒன்று வாங்கினேன். "ஸ்பிண்டில் பேரிங் புதுசா மாத்தியாச்சுங்க, இனி ஹெட்ஸ்டாக்கைத் தொடவே வேண்டாம்" என்றார். ஸ்பிண்டில் என்றால் ஜாப்பை, அதாவது கடையும் துண்டை, சுழற்றும் தண்டு; ஹெட்ஸ்டாக் அதைத் தாங்கும் பெட்டி. புதுப் பெயிண்ட், சுத்தமான பெட் (டூல் நகரும் நீளத் தளம்). ஓட்டியும் காட்டினார்: சக்குக்கு (ஜாப்பைக் கவ்வும் தலை) நெருக்கமாகப் பிடித்த பருமனான பித்தளைத் துண்டு, மெல்லிய கட். ஃபினிஷ் பளபளவென்று வந்தது. பித்தளை மெல்லிய கட்டில் சுலபமாக வெட்டுப்படும், பேரிங் ஆட்டம் அதில் தெரியாது என்பது அப்போது உறைக்கவில்லை.

பட்டறைக்குக் கொண்டுவந்து 25 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) ராடு மாட்டியதும் வண்டவாளம் தெரிந்தது. அரை மில்லி கட்டுக்கே மெஷின் அலறுகிறது. ஜாப் முழுக்க மீன் செதில் போல வரிகள். துண்டாக வெட்டி எடுக்கும் பார்ட்டிங் டூலை வைக்கவே முடியவில்லை.

போனில் கேட்டால், "டூல் பிடிக்கத் தெரியலைங்க உங்களுக்கு" என்கிறார். சரி, அந்தச் சாக்கும் இருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டூலைக் குட்டையாகப் பிடித்தேன். முனையை எதிர்முனையிலுள்ள டெயில்ஸ்டாக் சென்டரோடு உயரம் ஒத்துப் பார்த்தேன். முனை வளைவு (மூக்கு ரேடியஸ்) சின்னதான டிப் போட்டேன். டூலை நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு, காம்பவுண்டு இரண்டிலும் ஆட்டத்தைக் குறைக்கும் ஜிப் பட்டைகளை இறுக்கினேன். ஆர்பிஎம்மைப் பாதியாக்கி, ஃபீடை (டூல் நகரும் வேகம்) கொஞ்சம் கூட்டினேன். ஃபீடு ரொம்பக் குறைந்தால் டூல் வெட்டாமல் உரசும், அதிர்வு கூடும். ராடும் சக்குக்கு வெளியே விட்டத்தைப் போல இரண்டு மடங்குதான் நீண்டிருந்தது, அது வளைய வழியில்லை. சத்தம் கொஞ்சம் இறங்கியது, வரி போகவில்லை.

அப்புறம்தான் மெல்லிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்தேன். மேக்னட் ஸ்டாண்டை ஹெட்ஸ்டாக் மேலேயே நிறுத்தி, டயலின் தொடுமுனையை ஸ்பிண்டிலின் முன்முனையில், சக்குக்குப் பின்னால் வைக்க வேண்டும். ராடில் வைத்தால் ராடு வளைவதும் சேர்ந்து காட்டும். சக்கில் ஒரு நீளக் கம்பியைப் பிடித்து மேலும் கீழும் நெம்பினேன். முள் 0.06 மி.மீ. ஆடியது. இந்த அளவு லேத்தில் 0.01, 0.02 என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

திறந்து பார்த்தால் பழைய டேப்பர் ரோலர் பேரிங்தான். வெளி வளையத்தில் ரோலர் ஓடும் தடம் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்திருந்தது. புதுசு என்று சொல்ல அதில் இருந்தது கிரீஸ் மட்டும்தான், அதையும் சத்தம் அமுங்கத் தாராளமாக அப்பியிருந்தார்கள். போட்டோ அனுப்பினேன். "ஓடுற கண்டிஷன்ல பார்த்துத்தானே எடுத்தீங்க?" என்று போனை வைத்துவிட்டார். பேரிங் செலவும் வேலை நின்ற நஷ்டமும் என் தலையில்.

வாங்கப் போகிறவர்கள் சொந்தமாக ஒரு எம்.எஸ். ராடும் டயலும் எடுத்துப் போங்கள். கட் நீங்களே கொடுத்துப் பாருங்கள். சிலர் பேரிங் நட்டை அளவுக்கு மீறி இறுக்கி ஆட்டத்தை மறைப்பார்கள். அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓடவிட்டு ஹெட்ஸ்டாக்கைத் தொடுங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் சந்தேகப்படுங்கள்.

எனக்குக் கிடைத்தது துண்டுச் சீட்டு. நீங்கள் முறையான பில்லில் "ஸ்பிண்டில் பேரிங் புதிது" என்று எழுதி வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்கு வாங்கிய பொருளை ஏற்காது, ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கியதை விலக்கவில்லை. வழக்கு போட்டால் பில்லில் உள்ள அந்த ஒரு வரி கைகொடுக்கும். எழுத மறுக்கும் கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.