வசூல் ராஜாவா, மெர்சலா?

டாக்டர்களின் தொழில் தர்மம் மோதிக்கொள்வதைப் பார்க்க ஒரே ஒரு படம்தான் என்றால், நான் ‘வசூல் ராஜா எம்.பி.பி.எஸ்.’ (2004) பக்கம். குறுக்கு வழியில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த சென்னை ரவுடி (கமல்), வைத்தியத்துக்கு அன்பு வேண்டும் என்கிறான். நோயாளியிடம் ஒட்டுதலே கூடாது என்கிறார் டீன் பிரகாஷ்ராஜ். அவர் கெட்டவர் இல்லை, அவர் பக்கமும் நியாயம் உண்டு. அதனால்தான் மோதல் நிஜமாகிறது. கிரேஸி மோகன் வசனத்துக்கு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கும்போதே, தரை துடைக்கும் பெரியவரைக் கமல் கட்டிப்பிடிப்பார். அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிடும்.

‘மெர்சல்’ (2017) வேறு ரகம். 5 ரூபாய் டாக்டர் விஜய், மருத்துவத்தை வியாபாரமாக்கிய எஸ்.ஜே. சூர்யா. இங்கே வாதத்துக்கே இடமில்லை, சிரிப்பும் குறைவு. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு மீதான கோபம் இதில்தான் நேராக வெடிக்கிறது. அந்த 5 ரூபாய் வெறும் கற்பனையும் இல்லை: வடசென்னை வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம் 2 ரூபாயில் தொடங்கி, பிறகு 5 ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்தவர். 2020இல் காலமானார். வடசென்னையில் இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அவர் நினைவு வராமல் இருக்காது.

குடும்பத்தோடு உட்கார வசூல் ராஜா. மெர்சலில் பிரசவக் காட்சி கொடுமையாக இருக்கும், கர்ப்பிணிகள் இப்போதைக்குத் தள்ளிப்போடலாம்.